நூற்றுமூன்று கிலோ நைதரசன்

வினாவில் இருபத்தேழு பாகை.
பம்பலப்பிட்டிப் பள்ளி மண்டபத்தில்
மின்விசிறிக்கு நேர் கீழேயும் முப்பத்திரண்டு இருக்கும்.
இன்றைக்கு என் நாற்பதாவது விடைத்தாள்:
எட்டு லீற்றர்ச் சொச்சக் குடுவை ஒன்றுக்குள்
நூற்றுமூன்று கிலோ நைதரசன்.

மேலே போய்ப் பார்த்தேன்.
அமுக்கம் பஸ்காலில். சரி.
கனவளவு கன தசமமீற்றரிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது,
செருப்போடு கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி.
வெப்பநிலை இருபத்தேழாகவே நிற்கிறது.
கெல்வினுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டது.

வகுத்தல் மட்டும் அவ்வளவு அழகு.
ஓரத்தில் பென்சிலால் படிபடியாக இறங்கி
மூவாயிரத்து எழுநூற்று மூன்று தசம் ஏழு மூல்.
ஒரு மீதியைக்கூடத் தவறவிடாத கை.
இருபத்தெட்டால் பெருக்கி, கிராம் என்று எழுதி,
அடிமட்டம் வைத்து இரட்டைக் கோடு.

வரவேண்டியது ஒன்பது கிராமும் கொஞ்சமும்,
இரண்டு தேக்கரண்டிச் சீனி.
"பிள்ளை சோதனை எழுதினது வியாழன் கிரகத்திலயோ"
என்றார் குகநேசன், வடையைப் பிய்த்தபடி.
சமன்பாட்டுக்கு இரண்டு புள்ளி போட்டேன்.
பிரதியீட்டுக்குப் பூச்சியம்.

பின்னேரம் காலி வீதியில்
ஸ்கூட்டியின் பின்சில்லு படுத்துவிட்டது.
இஸ்மத் கேஜை வால்வில் அழுத்தி முள்ளைக் காட்டினான்.
"ஒண்டுமில்ல மிஸ். சைபர்."
சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன்.
அந்தச் சைபருக்குள் ஒரு வளிமண்டலம் முழுசாக இருக்கிறது;
கடலிலிருந்து வரும் இதே காற்றின் பாரம்.
முள் அதைக் கழித்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்கும்.
இருபத்தேழும் அப்படித்தான்:
தண்ணீர் உறையும் இடத்தில் நின்று எண்ணுகிறது,
காலுக்குக் கீழே இருநூற்று எழுபத்துமூன்று படி
இருட்டில் இறங்குவதைச் சொல்லாமல்.

எவ்வளவு வைக்க என்றான்.
இருபத்தெட்டு என்றேன்.
என்ன இருபத்தெட்டு என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.
வெள்ளவத்தையில் ஓர் இறாத்தல் பாண், ஒரு லீற்றர் பால்.
பேக்கரிக் கண்ணாடியில் ஒரு விளம்பரம்,
ஆறு பேர்ச் காணி.

அப்போதுதான் டேகெயாரிலிருந்து அழைப்பு.
"அஞ்சனாவுக்குக் காய்ச்சல், நூற்றிரண்டு."
எதில் நூற்றிரண்டு என்று கேட்காமலே
வயிறு கலங்கியது.

வீட்டில் அவள் கக்கத்தில் புது வெப்பமானியை வைத்தேன்.
'பீப்' என்றது.
முப்பத்தெட்டு தசம் ஒன்பது.
ஒரு கணம், ஒரேயொரு கணம்,
குறைந்துவிட்டதென்று நினைத்தேன்.