சான்றுப் பொருள் 41

ஸ்ப்ரிங்போக் காவல் நிலையப் பின்னறையில்
இரும்பு அலமாரி இரண்டு.
ஒன்றில் கத்திகள், கைப்பேசிகள், சீல் வைத்த பிராந்தி.
மற்றதில்
ஷூ பெட்டிகளில் வந்த
இருநூற்றுப் பன்னிரண்டு கூழாங்கற்கள்.

கற்கள் இல்லையாம், செடிகளாம்.
கழிப்பறைத் தாளில் ஒவ்வொன்றாய்ச் சுற்றி
கேப் டவுன் பேருந்தில் ஏறவிருந்தவை.
இந்த ஊரில் இவற்றைக் கால்விரல் என்கிறார்கள்.
உண்மைதான்,
யாரோ தலைகீழாய்ப் புதைந்து
விரல்நுனிகளை மட்டும் வெளியே விட்டதுபோல.

வழக்கு முடியும்வரை உயிரோடிருக்க வேண்டும் என்றார் அரசு வழக்கறிஞர்.
பதிவேட்டில் எழுதினேன்:
பொறுப்பாளர், மோகாம்பரி படையாச்சி.

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரி.
அங்கே சாக்கடை ஓரம் துப்பிய பப்பாளி விதைகூட
யாரையும் கேட்காமல் முளைக்கும்.
டிசம்பரில் இவை சுருங்கத் தொடங்கின.
தோல் வெளுத்து, பழைய ரசீதுபோல் மடிந்து,
பார்க்கச் சகிக்கவில்லை.
தேநீர்க் கோப்பையில் மொண்டு ஊற்றினேன்.
கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன்
இந்த அறைக்கு என்னை அனுப்பியிருக்கிறான் என்று
கொஞ்சம் பெருமை வேறு.

நான்காம் நாள் தொட்டேன்,
விரலோடு வந்தது
அழுகிய திராட்சை.
அப்படி நாற்பத்து மூன்று.
'இழப்பு' என்று எழுதிவிட்டேன்.
'காரணம்' கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

வாய்தாவுக்கு அவனை அழைத்து வந்திருந்தார்கள்.
கெர்வின் பியூக்கஸ், வயது இருபத்திரண்டு,
செம்புச் சுரங்கம் மூடிய ஊர்க்காரன்,
செடிக்கு இத்தனை ரேண்ட் என்று
ஸ்க்ரூடிரைவரால் தோண்டியவன்.
தாழ்வாரத்தில் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்து
விலங்கோடு பதறினான்:
"அன்ட்டி, இப்போ வேண்டாம். தூங்குது.
வெளித்தோல்ல இருக்கிறதத்தான் உள்ளே குடிச்சுக்கிட்டிருக்கு.
வெயில் தணியட்டும்.
அதுவரைக்கும் சும்மா இருங்க."

சும்மா இரு.
எந்தக் கோயிலிலும் யாரும்
எனக்கு இதை இவ்வளவு விளங்கச் சொன்னதில்லை.

மூன்று மாதம் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.
சரளைமேல் படிந்த தூசியை ஊதினேன்.
குழாயைக் கடக்கும்போதெல்லாம்
கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில், இரவுப் பணி.
விளக்கைப் போடுமுன் கிராம்பு வாசனை.
யாராவது பல்வலிக்காரன் வந்துபோனானா என்று
டார்ச்சை அடித்தால்
காகிதத் தோல் கிழிந்து, உள்ளே புதுப் பச்சை.
அதன் நடுப்பிளவில்
நூல் நூலாய் வெளிர்மஞ்சள்,
சட்டைப் பொத்தானைவிடச் சிறியது,
எதிர் அலமாரியின் கத்திகளைப் பார்த்தபடி.

அன்று ஊற்றினேன், தேக்கரண்டியால், தலைக்கு ஒன்று.

மே மாதம் கணக்கெடுக்க வந்தார் சார்ஜென்ட் தியூனிஸ்.
பிழைத்தவை நூற்று அறுபத்தொன்பது.
எண்ணினால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
சில தோல்களுக்குள்ளிருந்து இரண்டிரண்டு வந்திருக்கின்றன என்றேன்.
சான்றுப் பொருள் குறையலாம், அதற்குப் படிவம் உண்டு;
கூடினால் என்ன செய்வது என்று
அவர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்.

எப்படியும் குன்றுக்குத் திரும்ப முடியாதாம்.
இங்கே ஏதும் நோய் தொற்றியிருக்கலாமாம்.

அடுத்த வாய்தாவில், வேன் கம்பிக்குள்ளிருந்து
"பூத்துச்சா?" என்றான்.
குற்றவாளியோடு பேசக் கூடாது.
தலையசைக்கலாமா என்று விதியில் இல்லை.
அசைத்தேன்.

உள்ளே வந்து பழைய பக்கத்தைத் திருப்பி
காரணம் கட்டத்தை நிரப்பினேன்:
தண்ணீர்.
பக்கத்தில் என் கையெழுத்து.