கையெழுத்து

டொக்டர் கிளினிக் துண்டின் பின்பக்கத்தில்
ஒரு நத்தை கீறினார்.
காதுக்குள் இருப்பதாம். கோபிதன் கையால் சொன்னான்.
மாரியில் எங்கள் கிணற்றுக் கட்டில் ஊருமே, அது.
அதற்குள் கம்பி விடுவார்களாம்.

பிள்ளைக்குப் பதினொரு மாதம்.
நேற்றுத்தான் முதற்சொல் சொன்னாள்:
விரல்களை மடக்கி, விரித்து, மடக்கி,
பால்.
மாமி அதைக் காணவில்லை.
இன்னும் பேசவில்லையே என்று அழுதுகொண்டிருந்தா.

நோர்வே மச்சான் பாதிக் காசு தருகிறார்.
வீடியோவில் அவர் வாய் மட்டும் அசையும்,
கைகள் எங்கேயோ கீழே.

ஒட்டுசுட்டான் சுகந்தினி எழுதினாள்:
என்ர பெடியன் அம்மா எண்டு கூப்பிடுறான்,
வயர் அறுந்தால்தான் கொழும்புக்கு ஓடவேணும்.
என்னோடு படித்த தர்சிகா எழுதினாள்:
அப்ப நாங்கள் என்ன, பழுதான சாமானா?
இரண்டுக்கும் பெருவிரல் போட்டேன்.

எனக்கு உழவு மெசின் உள்ளங்காலில் வரும்.
கப்பில் கை வைத்தால் தகரத்து மழை வரும்.
குறையென்று ஒருநாளும் நினைத்ததில்லை.
பொய்.
கோபிதன் வயல் காவலுக்குப் போன இரவு
அவள் எவ்வளவு நேரம் அழுதாளோ,
விடியத்தான் கண்டேன்,
கன்னத்தில் காய்ந்த உப்பை.

தாயின் கையெழுத்து என்று படிவத்தில் ஒரு கோடு.
பேனை பிடித்த கை பேசாது.
கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்:
இரவில் அதைக் கழற்றலாமோ?
ஓம். குளிக்கேக்கையும்.

அப்ப இரவும் கிணற்றடியும் எனக்கு.
இதைக் கோபிதன் டொக்டருக்குச் சொல்லவில்லை.

பேனை மூடி என் பல்லிடுக்கில்.
மடியில் அவள்
மடக்குகிறாள், விரிக்கிறாள், மடக்குகிறாள்.