மணிக்கட்டு ஆறரை

மன்னடியில் மரப்படி ஏறி இரண்டாம் மாடி.
பெயர்ப்பலகை இல்லை, காலிங்பெல் உண்டு.
நூகு லெப்பை கதவுத் துளையில் பார்த்துச்
சங்கிலியை எடுத்தார்.
என் மேல் மீன்வாடை இருந்திருக்கும்.
எனக்குத் தெரிவதில்லை,
அவர் ஏசியைக் கூட்டியபோது தெரிந்தது.

நூலால் அளந்தார். "ஆறரை அங்குலம்."
ஆம்பிளை சைஸா, பொம்பளை சைஸா என்றேன்.
"கை சைஸ்" என்றார்.
அந்தப் பதிலுக்கே ஒன்று வாங்கலாம்.

நீல முகப்பு என்று போனிலேயே சொல்லியிருந்தேன்.
வெல்வெட்டில் மூன்றை வைத்தார்.
மூன்றும் சுவிட்சர்லாந்து.
மூன்றும் தலைக்கு ஒரு பழைய கம்ப்ரசர் விலை.

முதல் நீலம்
துறைமுக அதிகாரியின் தோள்பட்டை.
கட்டினால் எனக்கு நானே
சல்யூட் அடிக்கவேண்டும்.
வேண்டாம்.

இரண்டாவதை விளக்கில் சாய்த்தார்.
வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விழுந்து
கலக்குமுன் விரியுமே ஒரு நொடி,
அதைப் பிடித்து நிறுத்திய மாதிரி
நடுவிலிருந்து கதிர்கதிராய் ஓடியது.
"இது தங்கம்மா.
இன்னிக்கு வாங்கி நாளைக்கு வித்தாலும்
ஒத்த ரூபா குறையாது."

மூன்றாவதை அவர் புகழவில்லை.
ஓரம் கறுத்து, நடுவில் லேசாக ஊதா.
எங்கோ பார்த்த நீலம், எங்கே, எங்கே...
என் பில் புக்கின் கார்பன் தாள்.

பத்தொன்பது வருஷம்
இத்தனை பார் ஐஸ், இத்தனை பாக்கி என்று
மேலே நான் அழுத்தி எழுத
அடியில் இறங்கியது இதே நீலம்தான்.
விரலில் ஒட்டி சோப்புக்கும் போகாமல்
ஞாயிறு பூசையில்
கையை நீட்டக் கூச்சப்பட்டு
நாக்கில் நன்மை வாங்கியிருக்கிறேன்.

"அதுவா?" என்றார் லெப்பை.
"சொல்லிட்றேன், படியெறங்குனா பாதி வெல."

ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.
கீழே தேசப்பன் ஹாரன் அடித்தான்,
வண்டியில் நாற்பது பார் ஐஸ்.
பகல் வெளிச்சத்தில்
இரண்டாவது இன்னும் மினுக்கியது.
மூன்றாவது கறுப்பாய்க் கிடந்தது.
கையைத் திருப்பினேன், வந்தது.
மறுபடி திருப்பினேன், போனது.

காசிமேட்டில் நீலத்துக்கா பஞ்சம்?
டிரம் நீலம், தார்ப்பாய் நீலம்,
வலை, கிரேட், படகின் நெற்றி,
எல்லாம் நீலம். கடல்தான் டீக் கலர்.
மணி தெரியவும் வாட்ச் வேண்டியதில்லை,
ஏல நேரத்தை
இன்ஜின் சத்தமே சொல்லும்.

யாருக்குக் காட்ட என்று மகள் கேட்டாள்.
பதில் இல்லை. இப்போதும் இல்லை.

இந்தக் கையில் ஆறு வளையல் இருந்தது.
நாலு, கண்டன்சருக்கு.
ரெண்டு, அமோனியா கசிந்த வருஷம்.
மீட்டேன், வைத்தேன், மீட்டேன்.
புதுசாய் ஒன்று எடுக்கும்போதே
காலாடிப்பேட்டை சேட்டு
கிராமுக்கு என்ன கொடுப்பான் என்று
உள்ளே ஒருத்தி கணக்குப் போடுவாள்.
லெப்பை 'வித்தாலும்' என்றதும்
அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

மூன்றாவதைக் காட்டினேன்.

"யோசிச்சுக்கம்மா."
யோசிச்சாச்சு பாய்.

நோட்டை இரண்டு தடவை எண்ணினார்.
ஸ்ட்ராப்பில் ரெண்டு கண்ணி கழற்றி
பொட்டலம் கட்டித் தந்தார்.
"கை பெருத்தா ஒதவும்."
ஒருநாள் கட்டாமல் வைத்தால் நின்றுபோகும்,
அசைஞ்சுட்டே இருக்கணும் என்றார்.
அதற்கு மட்டும் சிரித்தேன்.

பதினெட்டுப் படி.
எந்தப் படியில் பாதி விலை கழன்று விழுந்ததோ,
குனிந்து தேடவில்லை.

"இன்னாக்கா இவ்ளோ நேரம்?
ஐஸ் உருவுது. மணி இன்னா?"
கையைத் திருப்பிப் பார்த்தேன்.
நீலத்தைப் பார்த்தேன்,
முள்ளைப் பார்க்க மறந்துவிட்டேன்.
இருடா என்று சொல்லி
மறுபடி திருப்பினேன்.