வருமொழி வராத வரிகள்

ஜன்னலின் உட்புறமும் பனி.
மாவட்டக் கால்நடை அலுவலகம், இரண்டாம் மாடி.
கலியுன் திரையில் இரண்டு பெட்டிகளை
அருகருகே இழுத்து வைக்கிறாள்.
ஒன்றில் குடும்பங்கள்,
ஒன்றில் மிஞ்சிய கால்நடைகள்.
நடுவில் ஒரு கோடு போதும்,
குடும்ப எண் குடும்ப எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.
எழுதவே வேண்டாம், சுட்டியே வினவலைக் கட்டும் என்று
உலான்பாட்டரிலிருந்து பயிற்சி தர வந்தவன்
சொல்லிவிட்டுப் போனான்.

மேய்ச்சல் நிலத்தின்மேல் மழை பெய்து
பெய்தபடியே இறுகிப்போன வருடம்.
இரும்பு ஸுத் என்கிறார்கள்.
புல் கண்ணுக்குத் தெரியும், வாய்க்கு எட்டாது.
நூறு உருப்படிக்குக் கீழே மிஞ்சியவர்களுக்கு
மாவும் நிலக்கரியும்.
லாரி காலை ஆறு மணிக்கு.

முதல் ஓட்டத்தில்
தமிரனின் நாற்பது வெள்ளாடுகள்
நூற்றிருபது ஆகியிருந்தன.
அவருக்கு மூன்று தொலைபேசி எண்கள்.
எண்ணுக்கு ஒரு தரம்
மந்தை முழுவதும் வந்து நின்றிருக்கிறது.
அடுத்த மேசை பத்மா சிரித்தாள்:
"இந்தக் குளிரில் குட்டி போட்டது உன் கணினி ஒன்றுதான்."
தொலைபேசிப் பெட்டியை அவிழ்த்துவிட்டாள்.
நாற்பது.

குடும்பங்கள் அறுநூற்றுப் பதினொன்று.
திரையில் வந்தது ஐந்நூற்று எழுபத்து நான்கு.

சும்மாதான் தேடினாள் அந்தப் பெயரை.
போன செவ்வாய், கையுறையைக் கழற்றாமல்
படிவத்தின் ஐந்து கட்டங்களிலும்,
குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு,
ஒரே நீளக் கோடாய்க் கிழித்து ஒப்பமிட்ட குர்செத்.
அவர் இல்லை.
ஆடு இல்லாததால் வரி இல்லை,
வரி இல்லாததால் இணை இல்லை,
இணை இல்லாததால் ஆளே இல்லை.

வருமொழி வந்தால் புணரும்.
வராவிட்டால் நிலைமொழியையும் கெடுத்துவிடும் விதி
எந்த இலக்கணத்தில் இருக்கிறது?
இந்தக் கோட்டில் இருந்தது.

கோட்டின்மேல் இருமுறை சொடுக்கினாள்.
இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் இருந்தால் மட்டும்.
அறுநூற்றுப் பதினொன்று.
குர்செத், நான்கு பேர், பிறகு
ஒரு காலிக்கட்டம்.

தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து
நூறுக்குக் கீழே என்ற நிபந்தனையைச் சேர்த்தாள்.
முப்பத்தேழு பேரும் மறுபடி காணோம்.
காலிக்கட்டம் நூறைவிடச் சிறியதா?
தெரியாது என்கிறது இயந்திரம்.
தெரியாததை உள்ளே விடாது.
"அல்லது காலியாக இருந்தால்" என்று
இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.
தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

அச்சிட்ட தாளைப் பார்த்த மேலதிகாரி
பேனா மூடியைக் கழற்றினார்,
காலி இடங்களில் பூஜ்யம் போட.
தாளின் மறுமுனையை அவள் விடவில்லை.
"பூஜ்யம் என்றால் யாரோ போய் எண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம்."

எத்தனை பேர் இழந்தவர்கள்,
எத்தனை பேர் வாசலுக்குக்
கணக்கெடுப்பவன் போகவே இல்லை?
குர்செத் ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும்.

நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரிகிறது.
முப்பத்தேழு வரிகளின் ஓரத்திலும்
லாரி ஓட்டுநருக்காகக் கையால் எழுதுகிறாள்:
உறைந்த ஓடையைக் கடந்து இடது கை,
பச்சைக் கதவுக் கூடாரம்,
நாய் உண்டு,
இறங்கிக் கேட்கவும்.