பன்னிரண்டாம் மேசை

பேன்ட்ரிக் கதவில் லேமினேட் செய்த தாள் ஒன்று.
வலப்பக்கம் நின்று எடுக்கவும்.
தட்டின் மேல் தட்டை விருந்தாளி முன் அடுக்கக் கூடாது.
கண்ணாடித் தம்ளரை இடுப்புக்குக் கீழே பிடிக்கவும்.
தம்ளருக்கு இடுப்பு எங்கே என்று
சேர்ந்த அன்றே கேட்டாள் மாவி.
அய்ஸாலிலிருந்து வந்தவள்.
இப்போது என்னைவிடச் சுத்தமாக
‘இன்னாபா’ சொல்கிறாள்.

ஏழாவது விதி:
கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை
எந்தத் தட்டையும் எடுக்கக் கூடாது.
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
ஏழாவதை யாரும் படிப்பதில்லை.
மாடிப்படி முழுக்கப் பசி நிற்கும்,
டி.டி.கே. சாலை வரை ஹாரன் அடிக்கும்.
மேசை திரும்பினால்தான் கல்லா திரும்பும்.

அன்று பன்னிரண்டில் எட்டுப் பேர்.
கல்யாணமாகி மூன்று வாரம் இருக்கலாம்;
உள்ளங்கை மருதாணி வெளுத்து
நகத்தில் மட்டும் ஒதுங்கியிருந்தது அவளுக்கு.
ஸ்டார்ட்டர் வந்ததும் பரிமாற எழுந்துவிட்டாள்,
நான் ஒருத்தன் நிற்கும்போதே.
மாமனாருக்கு வெங்காயம் தள்ளி,
நாத்தனார் பிள்ளைக்கு எலும்பு நீக்கி,
கணவனுக்குக் கருகாத பக்கமாகப் பார்த்து.
தன் தட்டில் முதல் துண்டை அவள் வைத்தபோது
ஏழு தட்டு காலி.

மாமனார் விரலைச் சொடுக்கினார்.
“தம்பி, எல்லாத்தையும் எடு. பிரியாணி வரட்டும்.”

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.
முடித்தவர்கள் அப்படி வைப்பதில்லை.
பத்து வருஷமாகத் தட்டு எடுக்கிறேன், எனக்குத் தெரியும்.

தட்டைத் தொடவில்லை நான்.
புதினாச் சட்னிக் கிண்ணம். அதை மட்டும் உள்ளே கொண்டுபோனேன்.
திரும்பி வந்து வெங்காயக் கிண்ணம்.
மடித்த துணியால் மேசைத் துகள்களை
ஆசாரி பட்டறையில் தங்கப்பொடி கூட்டுகிற மாதிரி
ஒன்று விடாமல்.
நிரம்பிய தம்ளர்களிலும் தண்ணீர் ஊற்றினேன்.
பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயா, தால்சாவா என்று
மாமனாரை விரிவாக விசாரித்தேன்.
எங்களிடம் தால்சா கிடையாது.

உள்ளே குணசீலன் மணியடிக்கிறான்,
விளக்கடியில் எட்டு பிரியாணி ஆவி விடுகிறது.
“பன்னெண்டு! இன்னாடா, குடும்பம் நடத்துறியா அங்க?”
மாவி என்னைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள்.
மணியின் தலையில் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டாள்.
“வானிலை சரியில்ல செஃப். அஞ்சு நிமிஷம்.”

அதற்குள் அவள் மறுபடி ஆரம்பித்திருந்தாள்.
குனிந்து, அவசரமாக;
பிறகு யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்து
மெதுவாக.
எலுமிச்சையைப் பிழிந்தாள்.
இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்,
இந்த முறை நல்ல துண்டு.
கணவன் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான்.

முள்கரண்டியையும் கரண்டியையும்
அடுத்தடுத்து வைத்தால் முடிந்தது என்று பொருள்.
அது தாளின் பாஷை. அவள் அப்படிச் செய்யவில்லை.
காகித நாப்கினை விரித்துத் தட்டை மூடி
எதிர்ப்பாதியைத் தன் பக்கமாக
மடித்தாள்.

பந்தியில் இலை மடிக்கிற கை.

எடுத்தேன். எட்டுத் தட்டு, மூன்று நடை,
சத்தமே இல்லை.
புதுத் தட்டு வைக்கும்போது முதலில் அவளுக்கு வைத்தேன்;
வரிசைப்படி அது தப்பு.

டிப்ஸ் முப்பது ரூபாய்.
“சர்வீஸ் ரொம்ப ஸ்லோ” என்றார் மாமனார்.
“ஆமா சார்.”

பன்னிரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு
மீந்த சோற்றைச் சுற்றி உட்கார்ந்தோம்.
குணசீலன் முடித்துவிட்டான், நானும்.
பழக்கதோஷம், கை தானாகவே
மாவியின் தட்டுக்குப் போனது.
புறங்கையில் கரண்டியால் ஒன்று போட்டாள்,
வாய் நிறையச் சோறு.
“ஏழு” என்றாள்.