ஒட்டுப்பால்

காலை ஒன்பதுக்கெல்லாம்
சீட்டு எழுதும் ஜன்னலில் சண்டை.
யார் முதலில் வந்தது என்கிற பழைய சண்டை.
நர்ஸ் டெல்பின் சிரிக்கிறாள்:
'கேட்டியளா டாக்டர், ஊரு சொகமாயிட்டு.'

சுகர், பிரஷர், தேள்கொட்டு,
பிலாவிலிருந்து விழுந்து முறிந்த கை,
நாலு படி ஏறினால் இளைக்கிற நாற்பது வயது.
மூச்சு என்று வருகிறவர்களுக்கு
மூன்று பந்துக் கருவி கொடுக்கிறேன்.
இழுங்க. இழுங்க. பிடிங்க.
நீலப் பந்து எழும்பினால்
வரிசையில் நிற்கிற பிள்ளைகள் கை தட்டும்.
மஞ்சள் பந்து யாருக்கும் எழும்பாது,
எனக்கும்.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
எனக்கென்று எழுதிக்கொண்ட வேலைகள்.

தேனீப் பெட்டி.
இரண்டாம் அலையில் குலசேகரம் சந்தை வழியை அடைத்த தகரம்
ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துருவேறிக் கிடந்தது.
யாரும் திரும்பக் கேட்கவில்லை.
பலகை நீலகண்டன் ஆசாரி தந்தது, தகரம் கூரை.
'உள்ளே வராதே'யில் பாதி போய்
'வராதே' மட்டும் பெட்டிமேல் நிற்கிறது.
தேனீக்களுக்குப் படிப்பில்லை.
மாசியில் ரப்பர் துளிர்த்ததும்
தளிர் இலையின் காம்பில் ஊறுகிற இனிப்பை
எடுத்துவந்து அடைக்கின்றன.
ஐந்தரை வருடப் படிப்பில் இதை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
ஒரு கொட்டு இமைமேல்.
அன்றைக்கு ஓ.பி. முழுக்க ஒற்றைக் கண்.

மணம்.
நாலு குப்பி: கிராம்பு, ஏலம்,
எலுமிச்சைத் தோல், நெத்திலிக் கருவாடு.
பல் தேய்க்குமுன் ஒவ்வொன்றும் இருபது எண்ணும்வரை.
பத்து மாதமாக நாலும் ஒரே மணம்:
கண்ணாடி.
மகன் கண்ணைக் கட்டிச் சோதிப்பான்.
'கருவாடு' என்பேன்.
'அம்மா, ஏலக்கா.'

மூன்றாவதற்குத் தலைப்பு எழுதவில்லை.
பதினேழு போன் நம்பர்கள்.
ஆசாரிப்பள்ளம் வார்டில் நாற்பது நாள் டூட்டியில்
நான் கூப்பிட்டு
'எங்களால ஆனதெல்லாம் பண்ணினோம்' என்று சொன்ன வீடுகள்.
இப்போது ஞாயிறு நாலு மணிக்குக் கேட்பது
சாப்பிட்டாச்சா என்று மட்டும்.
குளச்சலில் கிளீட்டஸ் பத்து நிமிடம்
கடலைப் பற்றியே பேசுவார்.
மனைவி பேச்சு வராது.
பொன்மனை லில்லிபாய் மூன்றாவது ஞாயிறு சொன்னாள்:
'இனி விளிக்கண்டாம் டாக்டர்.
உங்க நம்பரைக் கண்டா எனக்க கையி நடுங்குது.
கத்தி பிடிக்க வேண்டிய கையி.'
பெயரை அடித்தேன். பதினாறு.
கோட்டுக்கு அடியில் நம்பர் தெளிவாகத் தெரிகிறது.

செவ்வாய் பதினோரு மணிக்கு அவள் வந்தாள்.
இடது பெருவிரலில் பால்வெட்டுக் கத்தி.
கடைக்குப் போகிற வழியாம்,
சாக்கை வாசலில் இறக்கி வைத்திருந்தாள்.
ஒட்டுப்பால்.
சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்ததைச் சுரண்டி
ஒரு வாரமாய்ச் சேர்த்தது.
பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள்.
'தூரக் கொண்டு போடு, நாறுது!'
உள்ளிருந்து கம்பவுண்டரின் கத்தல்.

நாலு தையல் வேண்டும்.
இரண்டாவதில் ஊசி நின்றது.
புளித்து, அழுகி,
நனைந்த நாயும் கெட்ட பாலும் சேர்ந்தாற்போல் ஏதோ ஒன்று
மாஸ்க்கைத் தாண்டி உள்ளே வந்தது.
'டெல்பின், என் மாஸ்க்கை இறக்கு.'
'நாத்தம், டாக்டர்.'
'இறக்கு.'

இழுத்தேன். இழுத்தேன். பிடித்தேன்.

லில்லிபாய் என் முகத்தையே பார்த்தாள்:
'நோவுது எனக்கு.
நீங்க எதுக்குக் கரையுதிய?'

மீதி ரெண்டையும் போட்டேன்.
டி.டி. ஊசி. மாத்திரை மூணு நாளைக்கு.
ஒரு வாரம் வெட்டுக்குப் போகக்கூடாது.
'அது நடக்காது' என்றாள்.
சாக்கைத் தலைக்கேற்ற நானும் ஒரு கை பிடித்தேன்.

அடுத்த சீட்டைக் கூப்பிடுமுன்
அந்தக் கையை ஒரு தடவை முகர்ந்துவிட்டுக்
கழுவினேன்.
சோப்புக்கு இன்னும் மணம் இல்லை.