பார்வைக்கு மட்டும்

இரவு ஒன்பதுக்குத் தொலைக்காட்சியில் ஆறு கட்டங்கள்.
ஒன்றில் மட்டும் ஒலி வரவில்லை.
அவர்தான் டாக்டர்.
மற்ற ஐந்து பேரும் என் எண்ணுக்காக அடித்துக்கொண்டார்கள்.

என் எண்தான் அது.
பேட்மிண்டன் கோர்ட்டைத் தடுத்துப் போட்ட வார் ரூமில்
பதினேழாம் மேசையிலிருந்து
மாலை நாலு நாற்பதுக்கு நான் தட்டி அனுப்பியது.

குறைத்துக் காட்டுகிறீர்கள் என்றது எதிர்க்கட்சி.
பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள் என்றது ஆளும் கட்சி.
பக்கத்து மாநிலம் அப்பாவின் ஊர் என்பதால்
அதற்குத் தனியாக ஒரு சண்டை
எங்கள் அல்சூர் வீட்டில், அண்ணனுக்கும் தம்பிக்கும்.
சோறு ஆறியது.

நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால், நீ பார்த்தாயா என்பார்கள்.
பார்க்கவில்லை. கேட்டேன்.
ஆக்சிஜன் எண்பத்திரண்டு என்று ஒரு பையன் சொல்வதை,
எழுபத்தொன்று என்று அவனே மறுபடி சொல்வதை,
பி.யூ. நம்பர் வந்துவிட்டதா என்று
அவனிடம் நான் கேட்பதை.
நம்பர் இல்லாமல் படுக்கை இல்லை,
சோதனை முடிவு இல்லாமல் நம்பர் இல்லை,
முடிவு வர நாலு நாள்.
அந்த நாலு நாளும் எங்கே மூச்சு விடுவது என்று
எந்தக் கட்டத்திலிருந்தும் யாரும் கேட்கவில்லை.
டாக்டர் கேட்டிருக்கலாம்.
அவர் வாய் வெகுநேரம் அசைந்தது.

மறுநாள் முதல் அழைப்பு
லிங்கராஜபுரம் சவரியப்பன்.
ஹேளி சார் என்றேன். தமிழ் என்றார். சொல்லுங்க என்றேன்.
படுக்கையா?
வேணாம்மா.
ஆம்புலன்ஸா?
அதெல்லாம் முந்தாநாள்.
நேத்து டிவில ஒருத்தர்,
நம்ம வார்டுல ஒரு சாவுகூட இல்லைன்னார்.
கோட்டெல்லாம் போட்டிருந்தார், சரியாத்தான் சொல்லுவார்.
அப்ப எங்க லூர்துமேரி எங்கம்மா போனா?

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா?
ஒரு மாதமாகக் குரல்களோடுதான் இருக்கிறேன்,
எனக்குப் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரி பேர்?
ஆட்டோவுலதாம்மா. மூணு ஆஸ்பத்திரி வாசல் பாத்துட்டோம்.
அந்தப் பத்தியில் ஆட்டோ என்று தட்டினேன்.
சிவப்பானது.
மற்றவை என்று மாற்றினேன்.
ஏற்றுக்கொண்டது.
வயது ஐம்பத்து மூன்று.
கார்மெண்ட்ஸில் காலர் தைப்பவர்.
தொழிலுக்குப் பத்தி கிடையாது.
காலர் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், ஏனென்று தெரியாது.
வரிசை நூற்றெட்டு.
ஆம்புலன்ஸ் எண்ணேதான்,
நான் பார்த்து வைத்ததல்ல.

மாலையில் நாகபூஷண் சார் வந்தார்.
மற்றவை எல்லாம் வேறு தாளுக்கு என்றார்.
கெட்டவர் இல்லை.
அவர் அக்கா ராமநகரத்தில் வென்டிலேட்டரில்.
வேறு தாளைத் திறந்தேன்.
பார்வைக்கு மட்டும் என்றது.
பார்த்தேன். ஒன்றுமில்லை.
பழைய தாளுக்குத் திரும்பினால்
நூற்றொன்பது ஏறி நூற்றெட்டாகியிருந்தது,
பஸ்ஸில் ஒருவர் எழுந்த சூட்டிலேயே
இன்னொருவர் உட்கார்ந்துவிடுகிற மாதிரி.

அன்றிரவும் ஆறு கட்டம்.
டாக்டருக்குப் பதில் ஒரு முன்னாள் நடிகர்.
அடியில் எழுத்து ஓடியது:
அரசு சரியாகக் கையாண்டதா?
ஆம் எனில் ஒன்று, இல்லை எனில் இரண்டு,
குறுஞ்செய்திக்கு மூன்று ரூபாய்.
அண்ணன் ஒன்று அனுப்பினான்.
தம்பி இரண்டு.
நீ? என்றார்கள்,
அன்று முழுக்க அவர்கள் சேர்ந்து சொன்ன ஒரே சொல்.

காலர் என்று அனுப்பினேன்.
செல்லாத பதில், மீண்டும் முயல்க என்று வந்தது.
மூன்று ரூபாய் போயிற்று.

மீண்டும் அனுப்பினேன்.